இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் முதல் நாள்: மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் கைகொடுக்குமா?

ராணிப்பேட்டை ரைடர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. மூன்று ஆண்டுகளாக அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓட்டி வருகிறேன். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் என் கண் தானாகத் திரும்பும். அங்கே உள்ள மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்கில் (இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்) ஒரு நாளாவது ஓட்டிவிட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே மனத்தில் இருக்கும் ஆசை. அடுத்த மாதம் அங்கே நடக்கவிருக்கும் டிராக் டே (பந்தயம் இல்லாமல், சொந்த பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஒன்றுக்கு இப்போது பணம் கட்டிவிட்டேன். பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. என் பைக்கையும் என்னையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன். வளைவுகளில் எனக்குப் பயம் இல்லை. அந்தப் பழக்கம் டிராக்கில் உதவுமா, அல்லது அங்கே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டுமா என்பது என் முதல் கேள்வி. அடுத்தது, பைக்கில் என்னென்ன வேலை பார்க்க வேண்டும், அதில் எதற்குச் செலவு செய்வது அவசியம், எதற்கு அவசியம் இல்லை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். என்னைவிட வேகமாக ஓட்டுபவர்கள் பின்னால் வரும்போது அவர்களுக்கு நான் இடைஞ்சலாகிவிடுவேனோ என்ற தயக்கமும் இருக்கிறது. கடைசியாக ஒன்று: என் மனைவிக்கு இதில் உண்மையான பயம் இருக்கிறது. அவளுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்பதால் ஆபத்தைக் குறைத்துச் சொல்லாமல் எழுதுங்கள்.

மூன்றாம் கியர்

வாழ்த்துகள் நண்பரே. நான் சென்னையில் அலுவலக வேலை பார்ப்பவன். பந்தய வீரன் இல்லை. 390 டியூக்கில் இதே டிராக்கில் இதுவரை ஆறு நாட்கள் ஓட்டியிருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் ஏலகிரியை நம்பித்தான் உள்ளே போனேன்.

மலையில் நீங்கள் கற்ற சாய்வு வீண்போகாது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை 27 கி.மீ. வேகத்தில் எடுத்தால் பைக் ஏறத்தாழ 30 டிகிரி சாய வேண்டும். டிராக்கில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கி.மீ. வேகத்தில் எடுத்தாலும் சாய்வு ஏறத்தாழ அதே 30 டிகிரிதான். உடம்புக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் கண்ணுக்கு அப்படி இருக்காது. மலை வளைவில் இரண்டு விநாடிகளில் 15 மீட்டர் கடக்கும் நீங்கள், டிராக் வளைவில் அதே இரண்டு விநாடிகளில் 33 மீட்டரைக் கடந்துவிடுவீர்கள். மலைப்பாதையில் 15 மீட்டருக்கு அப்பால் பாறையோ மரமோ மறைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அதற்கு மேல் பார்க்கும் பழக்கமே நம் கண்ணுக்கு இருப்பதில்லை. அந்தக் கண்ணோடு டிராக்கில் இறங்கினால், அடுத்தது என்ன என்று மனம் தேடும்போதே அது வந்து முடிந்திருக்கும். அதனால்தான் முதல் செஷனில் (டிராக்கில் ஒரு தடவைக்கு ஓட்ட விடும் நேரம்) எல்லாமே அவசரம் அவசரமாக நடப்பதுபோலத் தோன்றும். அதை நாம் வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம். பார்வை பின்தங்கிப் போனதுதான் அங்கே உண்மையான சிக்கல்.

இன்னொரு விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சாலையில் நம் கண்ணுக்குப் பற்றிக்கொள்ள ஆயிரம் பொருட்கள் இருக்கின்றன: நடுக்கோடு, மரம், மைல்கல், மின்கம்பம், முன்னால் போகும் லாரி. பிட் லேனை (பைக்குகள் நிற்கும் இடத்திலிருந்து டிராக்குக்குப் போகும் பாதை) விட்டு வெளியே வந்தவுடன் இவை எதுவும் இருக்காது. குழியில்லாத கறுப்புத் தரை அகலமாக விரிந்து கிடக்கும். இரண்டு பக்கமும் புல்லும் மண்ணும் திறந்த வெளியுமாக இருக்கும். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திருப்புவது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லாத அந்த வெறுமைதான் என்னை முதலில் திகைக்க வைத்தது. மூன்று லேப் (டிராக்கின் முழுச் சுற்று) கழிந்த பிறகுதான் தரையில் ஒட்டுப்போட்டிருந்த ஒரு கரிய திட்டும், ஓரக் கல்லில் பெயிண்ட் உரிந்த ஓர் இடமும், கொடி காட்டும் மார்ஷல் ஒருவர் நிற்கும் மேடையும் கண்ணில் படத் தொடங்கின. அவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் நட்டுக்கொண்ட பிறகுதான் டிராக்குக்கு ஓர் உருவம் வந்தது.

என் மூன்றாவது செஷனில் நடந்ததைச் சொல்கிறேன். இறுக்கமான ஒரு வலது வளைவுக்குள் நுழையும்போது, வேகம் கொஞ்சம் கூடிவிட்டது என்ற பயத்தில் இடது பக்க வெளி ஓரத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு கணம்தான். பார்த்த இடத்துக்கே பைக் போயிற்று. புல்லைத் தாண்டி மண்ணில் இறங்கி, முன் பிரேக்கைத் தொடாமல் நிமிர்ந்து நின்றபடி வேகத்தைக் குறைத்து, எப்படியோ விழாமல் நின்றேன். பிட்டுக்குத் திரும்பியதும் பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "வளைவு முடியும் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வளைவின் வெளி ஓரத்தில் ஒட்டியிருந்த புல் நுனி வரை நினைவிருந்தது. நான் போய்ச் சேர வேண்டிய இடம் நினைவில் இல்லை. அடுத்த செஷனில் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னார்: பிரேக் அடையாளம் கண்ணில் பட்டவுடன் "பிரேக்", திருப்பும் இடம் பட்டவுடன் "திருப்பு", உள் விளிம்பு பட்டவுடன் "உள்ளே", வெளியேறும் இடம் பட்டவுடன் "வெளியே". அந்த இடத்தை அடையும்போது சொல்லக் கூடாது, பார்வை அங்கே போய் உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் விதி. நான்கு லேப்புக்குள் சொற்கள் தாமாக முன்னதாக வரத் தொடங்கின. அதே வேகத்தில்தான் ஓட்டினேன், ஆனால் வளைவுகள் மெதுவாக நடப்பதுபோல இருந்தது. இதை எழுத்தில் சரியாக உணர்த்த முடியவில்லை. நீங்களே அந்த நிலைக்கு வரும்போது உடனே புரிந்துகொள்வீர்கள்.

பிரேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாலையில் நாம் பிரேக்கை மிக முன்கூட்டியே, மிக மெதுவாகப் பிடித்துப் பழகியிருக்கிறோம். 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு வர, விநாடிக்கு 14 கி.மீ. குறையும்படி பிடித்தால் சுமார் 160 மீட்டர் தேவைப்படும். விநாடிக்கு 25 கி.மீ. குறையும்படி உறுதியாகப் பிடித்தால் 90 மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த உறுதி ஒரே அழுத்தில் வந்துவிடக் கூடாது. லீவரை மெல்ல இறுக்கி, எடை முன் டயரின் மேல் வந்து அது தரையை நன்றாகப் பற்றிய பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முதல் நாளிலேயே 90 மீட்டரைத் தொட முயல வேண்டாம். முன் பிரேக் எவ்வளவு தாங்கும் என்பதை நேர்ப்பாதையில், நிமிர்ந்த பைக்கில், படிப்படியாகத் தெரிந்துகொண்டாலே போதும். பல ஆண்டுகள் ஓட்டியும் நான் என் முன் பிரேக்கில் பாதியைக்கூடப் பயன்படுத்தியதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வரும் நாளில் அந்த அறிவு உயிரைக் காக்கும்.

திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) பொறுத்தவரை, வளைவின் நடுவில் பயந்து சட்டென்று மூடிவிடாதீர்கள். வளைவுக்குள் திரும்பி முடித்ததும் மெல்லத் திறந்து, வெளியேறும் வரை சீராகக் கூட்டிக்கொண்டே போனால் பைக் தன் பாதையைத் தானே காத்துக்கொள்ளும். கைகளைத் தளர்வாக வைத்துக்கொண்டு, முழங்கால்களால் டேங்கைக் கவ்விப் பிடியுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. இந்த டிராக்கின் நீளம் 3.717 கி.மீ.; 12 வளைவுகள். முதல் நாள் காலையில் ஒரு லேப்புக்கு எனக்கு மூன்று நிமிடம் ஆயிற்று; அதாவது சராசரி வேகம் மணிக்கு 74 கி.மீ. மாலையில் இரண்டரை நிமிடத்தை நெருங்கியிருந்தேன், அது 89 கி.மீ. நேர்ப்பாதையில் மீட்டர் காட்டிய உச்ச வேகம் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அரை நிமிடம் முழுவதும் வளைவுகளில் கிடைத்தது, அதையும் கண்தான் கொடுத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

கோவை கிராங்க் கேஸ்

தம்பி, பைக் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தய பைக்குகளுக்குக் கை கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

செலவு செய்ய வேண்டிய முதல் இடம் பிரேக் ஆயில். சைலென்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் இந்த நாளுக்குத் தேவையே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் தரவிதி. அதே ஆயில் ஈரம் ஏறிய நிலையில் தாங்க வேண்டிய அளவு வெறும் 155 டிகிரிதான். சாலையில் எப்போதாவது ஒருமுறை பலமாகப் பிரேக் பிடிப்போம், இடையில் டிஸ்க் ஆறிவிடும். டிராக்கில் லேப்புக்கு லேப், அதே இடங்களில், ஆற விடாமல் பிடிப்பீர்கள். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும், அந்தக் குமிழ்கள்தான் அமுங்குமே தவிர பிஸ்டன் நகராது. ஒருமுறை ஒரு பையன் வெளியே வேறு ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றிவிட்டதாகச் சொல்லி பைக்கைக் கொண்டுவந்தான். நானும் நம்பித் திறந்து பார்க்காமல் விட்டுவிட்டேன். நான்காவது லேப்பில் லீவர் கைப்பிடி வரை அமுங்கிவிட்டது என்று வெளிறிய முகத்தோடு பிட்டுக்கு வந்தான். திறந்து பார்த்தால் ஆயில் டிக்காக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து யார் சொன்னாலும் மூடியைத் திறந்து என் கண்ணால் பார்க்காமல் பைக்கை டிராக்கில் விடுவதில்லை. நீங்களும் உங்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். கூடவே பிரேக் பேடையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

டயரில் நல்ல பட்டன் (மேற்பரப்பு ரப்பர்க் கட்டைகள்) இருந்தால் போதும், புதிய டயர் கட்டாயமில்லை. நான்கைந்து ஆண்டுகள் ஆன டயராக இருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், அதை நம்ப வேண்டாம். டிராக்கில் டயர் நன்றாகச் சூடேறிக் காற்றழுத்தம் உயரும் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். எவ்வளவு என்பதை உங்கள் டயருக்கு ஏற்ப அங்கே இருக்கும் பயிற்சியாளர்களிடம் கேட்டுச் செய்யுங்கள், ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள். செயினை அளவுக்கு மீறி இறுக்கிவிடாதீர்கள். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் விறைத்துக்கொள்ளும். அது தளர்ந்த செயினைவிட மோசம்.

கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட், இண்டிகேட்டர், பின் விளக்கு எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டுங்கள். விழுந்தால் கண்ணாடித் துண்டுகள் டிராக்கில் சிதறாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நம்பர் பிளேட்டையும் கழற்றச் சொல்வார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட்டைப் பற்றி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கிளைகால் கலந்த கூலண்ட் தரையில் கொட்டினால் வழுக்கும், தண்ணீரைப் போல எளிதில் காயாது, பின்னால் வருபவர் விழுவார். அதனால் சில இடங்களில் அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அப்படி ஊற்றினால் வீட்டுக்கு வந்த பிறகு மறக்காமல் மறுபடி கூலண்ட் நிரப்புங்கள் தம்பி, இல்லையென்றால் உள்ளே துரு பிடிக்கும்.

மதுரை ஆர்15

அண்ணா, மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிவிடுவேனோ என்ற உங்கள் தயக்கத்துக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் ஓட்டுவது 155 சிசி பைக். என் முதல் டிராக் நாளில் எங்கள் குழுவிலேயே மெதுவான பைக் என்னுடையதுதான். நேர்ப்பாதையில் என்னைத் தாண்டாதவர்களே இல்லை.

அங்கே எனக்குச் சொல்லித்தந்த விதி மிக எளிமையானது: முன்னால் போகிறவர் தன் பாதையை மாற்றாமல் போக வேண்டும், பாதுகாப்பாகத் தாண்டும் பொறுப்பு முழுவதும் பின்னால் வருபவருடையது. கண்ணாடிகளைக் கழற்றியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினால் முன்னால் பார்க்க முடியாது. வழிவிடுகிறேன் என்று நினைத்து வளைவின் நடுவில் ஓரம் ஒதுங்கினால்தான் ஆபத்து, ஏனென்றால் பின்னால் வருபவர் நீங்கள் அப்படியே போவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் வருவார். முதல் செஷனில் பெரிய பைக் ஒன்று காதருகே இரைச்சலோடு கடந்தபோது எனக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போயிற்று. இரண்டாவது செஷனில் பழகிவிட்டது. மேலும் குழுக்களை அனுபவத்தைப் பொறுத்துத்தான் பிரிப்பார்கள், எனவே படிவத்தில் புதியவர் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

கொடிகளை முந்தைய இரவே மனப்பாடம் செய்துவிடுங்கள். மஞ்சள் கொடி கண்டால் முன்னால் ஏதோ ஆபத்து, யாரையும் தாண்டக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் செஷன் நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையோடு பிட்டுக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்குகிறது என்று பொருள். கறுப்புக் கொடியை உங்களை நோக்கிக் காட்டினால், பைக்கில் எண்ணெய் ஒழுகுவது போன்ற ஏதோ காரணத்துக்காக உங்களை உள்ளே அழைக்கிறார்கள். பேப்பரில் படிக்கும்போது எளிதாக இருக்கும். அங்கே கண் முழுவதும் வளைவில் இருக்கும்போது மார்ஷல் மேடையைப் பார்க்கவே மறந்துபோகும். மூன்றாம் கியர் அண்ணா சொன்னதுபோல மேடைகளையே அடையாளமாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

உடையைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். லெதர் சூட்டை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், போட்டுப் பார்த்து, பைக்கில் உட்கார்ந்து குனிந்தும் பார்த்து எடுங்கள். எனக்குக் கிடைத்த முதல் சூட் ஓர் அளவு பெரியது. முழங்கை மேல் இருக்க வேண்டிய பாதுகாப்புத் தகடு கையைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருந்தது. விழும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது என்று சொல்லி, வேறு சூட் கிடைக்கும் வரை என்னை டிராக்கில் விட அவர்கள் மறுத்துவிட்டார்கள். அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது அந்தக் கண்டிப்புக்கு நன்றி சொல்கிறேன். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், மணிக்கட்டைத் தாண்டி மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், தனியாக ஒரு முதுகுக் கவசம் ஆகியவை கட்டாயம் வேண்டும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் ஊறி ஒட்டிக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடையே நல்லது.

வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். சூட்டுக்குள் 15 நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கினால் கையுறையைப் பிழியலாம். ஓஆர்எஸ் கலந்த தண்ணீரைச் செஷனுக்குச் செஷன் குடித்துக்கொண்டே இருங்கள், மதியச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். விழுபவர்களில் பலர் மாலை நேரத்துக் கடைசிச் செஷனில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு களைத்திருக்கும், இன்னும் ஒரே ஒரு முறை நன்றாக ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். களைப்பாக இருந்தால் கடைசிச் செஷனை விட்டுவிடுங்கள் அண்ணா.

அண்ணியிடம் சொல்ல வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். விழ வாய்ப்பு இருக்கிறது. எலும்பு முறிந்தவர்களை நான் அறிவேன். ஆனால் எதிரே லாரி வராது, குறுக்கே யாரும் வர மாட்டார்கள், விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்கிறது. என் அம்மாவை ஒரு நாள் பிட்டுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். காலையில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தவர் மதியத்துக்குமேல், "அந்த மஞ்சள் சூட்டுப் பையன் உன்னைவிட முன்னாடியே பிரேக் பிடிக்கிறான்" என்று எனக்கே சொல்லத் தொடங்கிவிட்டார். முடிந்தால் அண்ணியையும் உடன் அழைத்துப் போங்கள்.

சோழவரம் பார்த்தவன்

தம்பி, நான் இப்போது பைக் ஓட்டுவதில்லை. என் தந்தை என்னைச் சிறுவயதில் சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்க அழைத்துப்போவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-இல் வருவதற்கு முன் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த புழுதியும் எரிந்த எண்ணெயின் மணமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. இன்று நம் பிள்ளைகள் முறையான பயிற்சியோடும் கவசத்தோடும் அதற்கென்றே கட்டிய தளத்தில் ஓட்டுகிறார்கள் என்று படிக்கும்போது மனம் நிறைகிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது காப்பீடு. நம் வாகனப் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்கு இழப்பீடு இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கும். டிராக்கில் பைக்குக்குச் சேதம் வந்தால் செலவு உங்களுடையது என்று எண்ணிக்கொண்டே போங்கள். மருத்துவக் காப்பீட்டிலும் இப்படி ஏதேனும் விலக்கு இருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். இரண்டாவது, வீடு திரும்பும் வழி. நாள் முழுவதும் அந்த வேகத்தில் இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் 80 கி.மீ. என்பது 40 போலத் தோன்றும். என் மருமகன் ஒரு மாலை அப்படித் திரும்பும்போது, சாலையைக் கடந்த ஒரு சைக்கிள்காரரை மயிரிழையில் தவறவிட்டான். நன்றாக இருட்டும் வரை உட்கார்ந்து டீ குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள். முடிந்தால் பைக்கைச் சிறு வண்டியில் ஏற்றிவிட்டு நீங்கள் காரில் வாருங்கள்.

ராணிப்பேட்டை ரைடர்

நேரம் எடுத்து எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முன்தினம் டிராக் டே முடிந்து, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கிராங்க் கேஸ் அண்ணா, பிரேக் ஆயிலை என் கண் முன்னால் மாற்றச் சொன்னேன். பழைய ஆயில் நீங்கள் சொன்ன டிக்காக்‌ஷன் நிறம்தான். வண்டி வாங்கி மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை, நானும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மொத்தம் ஆறு செஷன், ஏறத்தாழ 30 லேப். அதாவது 111 கி.மீ., 360 வளைவுகள். கொல்லிமலையை ஐந்து முறை ஏறினாலும் அவ்வளவு வளைவுகள் கிடைக்காது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பிட்டில் குடையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு செஷன் முடிந்ததும் ஓஆர்எஸ் பாட்டிலை நீட்டினாள். காலையில் இருந்த பயம் மாலையில் அவளுக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால், "அடுத்த முறையும் நான் வருவேன்" என்றாள்.

மூன்றாம் கியர் அண்ணா சொன்ன வெறுமையை முதல் லேப்பிலேயே உணர்ந்தேன். நேர்ப்பாதை முடிந்து சி-1 எனப்படும் முதல் வளைவுக்கு வரும்போது எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. வேகம் மிகுந்த வளைவு என்று கேள்விப்பட்டிருந்ததால் மிக முன்னதாகவே திராட்டிலை மூடிவிட்டேன், பின்னால் வந்த மூவரும் என்னைத் தாண்டிப் போனார்கள். யாரும் என்மேல் உரசவில்லை, நானும் ஒதுங்கவில்லை. இரண்டாவது செஷனில் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. நான்காவது செஷனில், எந்த வளைவு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, "வெளியே" என்ற சொல்லை இன்னும் உள் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அந்தக் கணத்தில் கைகள் இரண்டும் தாமாகத் தளர்ந்தன. அதுவரை கைப்பிடியை எவ்வளவு இறுகப் பிடித்திருந்தேன் என்பதே, அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. உள்ளங்கைகளில் இரண்டு கொப்புளங்கள். இரண்டும் காலையில் வந்தவை.

ஆறாவது செஷனில் மூன்று லேப்புக்குப் பிறகு ஒரே வளைவில் இரண்டு முறை திருப்பும் இடத்தைத் தவறவிட்டேன். மதுரைத் தங்கை எழுதியது நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு பிட்டுக்குள் வந்துவிட்டேன். இருட்டிய பிறகு கடையில் டீ குடித்தோம். பைக் சிறு லாரியில் முன்னால் போக, நாங்கள் காரில் பின்னால் வந்தோம். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் மனைவி தூங்கிவிட்டாள். நான் மட்டும் சாலையின் தூரத்து வளைவுகள் ஒவ்வொன்றும் எங்கே முடிகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது ஒரு சின்னச் சந்தேகம். முன் டயரின் வலது ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, ரப்பர் சிறு உருண்டைகளாகத் திரண்டு ஒட்டியிருக்கிறது. இடது ஓரம் அவ்வளவு தேயவில்லை. இது இயல்புதானா, அல்லது காற்றழுத்தத்தில் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா?

கோவை கிராங்க் கேஸ்

இயல்புதான் தம்பி. அந்த டிராக்கில் கடிகாரம் சுற்றும் திசையில் ஓட்டுகிறீர்கள், வலது வளைவுகளின் பங்கு அதிகம். எனவே வலது ஓரம் கூடுதலாகச் சூடேறித் தேயும். அந்த உருண்டைகள் சாலையில் ஓடினால் தாமாகவே உதிர்ந்துவிடும், சுரண்ட வேண்டாம். முதல் நூறு கி.மீ. மட்டும் மெதுவாக ஓட்டுங்கள், காற்றழுத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். கூலண்ட் நிரப்பிவிட்டீர்களா?